மத்தேயு திருப்பாடுகள்: மூன்று ஒலிப்பதிவுகள், மூன்று காலங்கள்

1939ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி, குருத்தோலை ஞாயிறு. ஆம்ஸ்ரர்டாம் நகரின் கொன்சேர்ட்ஹெபவ் மண்டபத்தில் யோகான் செபஸ்தியன் பாக்கின் ‘மத்தேயு திருப்பாடுகள்’ இசைக்கப்பட்டது. நடத்தியவர் வில்லெம் மெங்கல்பேர்க். குருத்தோலை ஞாயிறுதோறும் அங்கே இப்படைப்பை இசைக்கும் மரபை 1899இல் தொடக்கி வைத்தவரும் அவரே. அன்றைய நிகழ்ச்சி ஒலிப்பதிவு செய்யப்பட்டது. ஐந்து மாதங்களில் உலகப்போர் மூண்டது. அடுத்த ஆண்டு மே மாதம் ஜேர்மன் படைகள் நெதர்லாந்தினுள் நுழைந்தன.

இப்படைப்பு முதன்முதலில் பாடப்பட்டது 1727ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று, லைப்சிக் நகரின் புனித தோமையார் ஆலயத்தில் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பாக் 1750இல் மறைந்தபின் அது ஏறக்குறைய மறக்கப்பட்டது. 1829 மார்ச் 11ஆம் திகதி இருபது வயது இளைஞரான பீலிக்ஸ் மெண்டல்சோன் பெர்லினில் அதனை மீட்டெடுத்தார். அன்று பாடியோர் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர். பெருங்குழாம் கொண்டு பாடும் வழக்கம் அதிலிருந்தே வேரூன்றியது.

மெங்கல்பேர்க் அந்த வழக்கத்தின் வாரிசு. பல தனிப்பாடல்களை வெட்டினார். வேகத்தை நினைத்தபடி கூட்டினார், குறைத்தார். இன்றைய இசை அறிஞர் எவரும் அதனைச் சரியென்று ஏற்கமாட்டார். ஆயினும் அந்தப் பாடகர் குழாத்தின் குரலில் உள்ள உருக்கம் வேறெங்கும் கிடைப்பதில்லை. பேதுரு மறுதலித்தபின் வரும் தனிப்பாடலின்போது அவையில் எவரோ விம்முவது பதிவில் கேட்கிறது என்பர்.

பின்னர் நடந்ததையும் சொல்லவேண்டும். ஆக்கிரமிப்புக் காலத்தில் அவ்விசைக்குழுவின் யூதக் கலைஞர்கள் வெளியேற்றப்பட்டனர். மெங்கல்பேர்க்கோ தொடர்ந்து மேடையேறினார். ஜேர்மனிக்கும் சென்று இசை நடத்தினார். 1945இல் நெதர்லாந்தில் அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஆறு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. தடை முடியுமுன்பே, 1951 மார்ச்சில், சுவிற்சர்லாந்தில் காலமானார்.

இரண்டாவது ஒலிப்பதிவு, ஒட்டோ கிளெம்பெரர் லண்டனில் பில்ஹார்மோனியா குழுவுடன் செய்து 1961இல் நிறைவுற்றது. யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இலேயே ஜேர்மனியை விட்டு வெளியேறியவர். இதுவும் பெருங்குழாமே. ஆனால் வெட்டு இல்லை, குழைவு இல்லை. மலை நகர்வதுபோல 3 மணி 40 நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாக நீள்கிறது.

1981இல் அமெரிக்கரான யோசுவா ரிப்கின் ஒரு கருத்தை முன்வைத்தார். பாக்கின் பாடகர் குழாத்தில் ஒவ்வொரு குரற்பகுதிக்கும் பொதுவாக ஒருவரே பாடினர் என்பது அவரது வாதம். விவாதம் இன்றும் ஓயவில்லை. அவ்வழியில் போல் மக்ரீஷ் செய்த பதிவு 2003இல் வெளிவந்தது. அதில் இரு குழாம்களுக்கும் அடிப்படை எட்டுக் குரல்களே. நேரமோ ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம். கிளெம்பெரரைவிட ஒரு மணி நேரம் குறைவு.

மூன்றையும் ஒப்பிட ஓர் இடம் போதும். இறுதி இராவுணவில், காட்டிக்கொடுப்பவன் தானோ என்று சீடர்கள் பதறிக் கேட்கின்றனர். உடனே குழாம் ஒரு பழைய ஞானப்பாட்டின் மெட்டில், குற்றவாளி நானே என்று ஏற்றுக்கொள்கிறது. மெங்கல்பேர்க்கில் அது ஓர் ஊரின் கண்ணீர். கிளெம்பெரரில் அசையாத சாட்சியம். மக்ரீஷின் பதிவிலோ ஒளிந்துகொள்ளக் கூட்டம் இல்லை. இயேசுவின் சொற்களைப் பாடும் குரலே பின்னர் அவரைச் சிலுவையில் அறையக் கேட்கும் கும்பலிலும் சேர்ந்து பாடுகிறது. பாக்கின் காலத்துக் குரற்பிரதிகளிலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது.

எனது முதல் தெரிவு மக்ரீஷ். பாக்குக்கு அது நெருக்கமானது என்று நம்புகிறேன். ஆயினும் 1939ஆம் ஆண்டுப் பதிவைத் தள்ளிவைக்க என்னால் இயலவில்லை. குற்றத்தை ஏற்கும் அந்த ஞானப்பாட்டை அத்தனை உருக்கமாக நடத்தியவர், சில ஆண்டுகளில் தமது சக கலைஞர்கள் வெளியேற்றப்பட்டபின்னும் அதே மேடையில் நின்றார். இசை மனிதனை உருக்கும். உருகியவன் நீதியின் பக்கம் நிற்பான் என்பதற்கு அது உத்தரவாதம் தருவதில்லை. நாமும் இனப்போர் ஒன்றைக் கடந்து வந்தவர்கள். அப்பதிவை நாம் கேட்கவேண்டியது இதற்காகவே.