உகே

கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள், ஆண்கள் இருவரின் காதலைச் சொல்லும் ஜப்பானிய மங்கா ஒன்றின் அட்டையைக் காட்டி, "குட்டையா, பெரிய கண்ணோட இருக்கானே அத்தை, இவன்தான் உகே. பொண்ணு மாதிரி" என்றாள். சொல்லில் பெண்ணே இல்லை. 'உகேரு' என்றால் பெறுதல், ஏற்றல். தேர்வு எழுதுவதற்கும் ஜப்பானியர் அதே வினையைத்தான் சொல்கிறார்கள். ஜூடோவில் வீசப்படுகிறவர் உகே. விழும்போது கையால் பாயை அறைந்து, அடியை உடம்பில் தங்கவிடாமல் வாங்கத் தெரிந்தவர். அங்கே அது பலவீனமல்ல, பயிற்சி. வீசுகிறவருக்குப் பெயர் தோரி. காதல் கதையிலோ உகேவின் ஜோடி 'செமே'. தாக்குதல் என்னும் 'செமேரு'விலிருந்து வந்தது. படுக்கையில் யார் எந்தப் பங்கு என்று மட்டும் சொன்ன சொற்கள், போகப்போக உயரம், வயது, அழுகை, சமையல் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டன. ஜோடியின் பெயர்களைப் பெருக்கல் குறியிட்டு எழுதும்போதுகூட செமேதான் முன்னால். இடம் மாற்றிக்கொள்வோருக்கு ஆங்கில 'ரிவர்சிபிள்' சுருங்கி 'ரிபா' ஆயிற்று. தமிழில் 'கணவன், மனைவி' என்று பெயர்த்தால் தப்பு. உகேவுக்கு 'ஏற்பவன்' போதும். சவாலை ஏற்பதும் பொறுப்பை ஏற்பதும் நம் பேச்சில் துணிவுதானே. செமேவுக்குத் 'தாக்குபவன்' வேண்டாம், காதலில் அது உதைக்கிறது. நல்ல சொல் அகப்பட்டவர்கள் எழுதுங்கள்.