பரணில் தூங்கும் அரசு லேப்டாப்

நம் ஊரப்பாக்கத்தில் எத்தனையோ வீடுகளின் பரணில் ஒரு பழைய அரசு லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய திட்டம் அது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக எல்காட் கொள்முதல் செய்தது. பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுமுன் ஒரு நிமிடம்.

1960-ல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், நம்மவர்களே வடிவமைத்து உருவாக்கிய கணினி டிஃப்ராக். அதன் நினைவகம் மொத்தமே 10 கேபி. ஒரு பிட்டுக்கு ஒரு குட்டி ஃபெரைட் வளையம். பாசிமணி போலக் கம்பியில் கோத்தது. அதோடு ஒப்பிட்டால், முதல் சுற்று அரசு லேப்டாப்பின் 2 ஜிபி சுமார் 2 லட்சம் மடங்கு! இன்றைய பிரவுசருக்கோ அதுவும் பற்றவில்லை. மெஷின் திணறுவது பெரும்பாலும் இதனால்தான்.

வளையம் போய் சிப் வந்தபின், நினைவகம் தலைமுறை தலைமுறையாக மாறியது. லேப்டாப் டிடிஆர்3 கார்டுக்கு 204 பின்கள், டிடிஆர்4-க்கு 260. வெட்டுப்பள்ளமும் இடம் மாறும். ஒன்றுக்கானது மற்றதில் உட்காராது. அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். எனவே பழைய கார்டையே கடைக்கு எடுத்துப் போங்கள்.

சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, கார்டைச் சாய்வாகச் செருகி, இருபக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடிக்கும்வரை கீழே அழுத்துங்கள். அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருந்தால், எவ்வளவு போட்டாலும் 2 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. கூடவே வந்த, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அந்தத் தடை இல்லை. அன்று நம் பிள்ளைகள் முதல் வேலையாக அழித்ததும் அதைத்தான்!