இறக்கக்கண்டி: கடலுக்கு ஒரு பட்டியல், போருக்கு ஒரு பட்டியல்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6.59 அளவில் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அளவு 9.1. அந்தக் கடல் எங்கள் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரத்திலும் யாரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கான எச்சரிக்கை ஏற்பாடு அன்று இந்து சமுத்திரத்தில் இருக்கவேயில்லை.

இறக்கக்கண்டி, திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் நிலாவெளி தாண்டி வரும் ஊர். குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. தமிழரும் முஸ்லிம்களும் வாழ்கிறோம். முதல் நாள் எங்களுக்கு வந்த உதவி, மேட்டுப்பக்கத்துச் சனம் சமைத்துக் கட்டித்தந்த சோற்றுப் பார்சல்தான். தறப்பாளும் தண்ணீர்த் தாங்கியும் வெள்ளை வாகனங்களும் பிறகுதான் வந்தன.

அரசாங்கம் அறிவித்த உதவி இது: இறந்தவரின் ஈமச்சடங்குக்கு 15,000 ரூபா, சமையல் பாத்திரங்களுக்கு 2,500, குடும்பத்துக்கு மாதம் 5,000, ஆளுக்கு வாரம் 375 ரூபா பெறுமதியான நிவாரணம். முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000, பகுதி சேதத்துக்கு 100,000.

ஊர்ப் பொடியன்களோடு நானும் கொப்பியும் பேனையுமாகப் பதிவுக்கு இருந்தேன். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. என் பெரியம்மாவின் கல்வீடு 1990 இல் எரிந்தது. பதினான்கு வருடமாக உள்பக்கத்தில் ஒரு ஓலைக்கொட்டிலில் இருந்தார். கடல் அதுவரை வரவில்லை. "தம்பி, என்ர பேரையும் எழுதன்" என்றார். "உங்கட வீடு சுனாமியில போகேல்லையே பெரியம்மா" என்றேன். "வீடு இல்லாதது இல்லாததுதானே?" என்று கேட்டார். நான் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் மேலே வெட்டியிருப்பார்கள். அது வேறு கதை.

கரையோரத்தாருக்கும் நிம்மதி இருக்கவில்லை. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். வடக்கு கிழக்கில் அது 200 மீற்றர். கரைவலைக்காரர் 200 மீற்றருக்கு அப்பால் போய் இருந்தால் தோணியை யார் பார்ப்பது? அப்பால் காணியும் எங்கே இருந்தது? விதி பிறகு தளர்த்தப்பட்டது. அதற்குள் பலருக்கு ஒரு வருடம் தகரக் கொட்டிலில் போய்விட்டது.

உதவியை வடக்கு கிழக்கில் சேர்ந்து பங்கிட அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24 இல் பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். திருகோணமலை உட்பட ஆறு மாவட்டங்களின் கரையோரத்துக்கானது அது. ஜே.வி.பி. வழக்குப் போட, ஜூலை 15 இல் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கையெழுத்து மை காய முன்னமே என்று எங்கள் பக்கத்தில் சொன்னார்கள். மூன்று கிழமை என்பதுதான் கணக்கு.

2006 இல் மாவிலாறோடு மீண்டும் போர். ஓகஸ்ட் 4 இல் மூதூரில், பிரெஞ்சு நிறுவனமான அக்ஸன் பாமின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுனாமி நிவாரண வேலைக்காக அங்கே போனவர்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை.

பெரியம்மாவின் வீட்டுக்குச் சுனாமிக் காசு வரவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில்தான் அத்திவாரம் போட்டோம்.