ஆறு பைசாவும் நான்கு பைசாவும்

ஐயம்பேட்டை என்றதும் தஞ்சைப் பக்கத்து ஊர் சிலருக்கு நினைவில் எழலாம். நாம் இங்கு பேசுவது காஞ்சிபுரத்தை அடுத்து, வாலாஜாபாத் செல்லும் வழியில் உள்ள நெசவாளர் ஊரைப் பற்றி. அரசு தன் பள்ளிகளுக்கு எவ்வளவு செலவிட வேண்டும் என்னும் கேள்வியைத் தறி உள்ள வீட்டிலிருந்து கேட்டால், அதன் பொருள் சற்று மாறிவிடுகிறது.

உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமையும் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் தேவை. ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ளுவதற்கு, நெய்பவரின் அருகில் மற்றொருவர் அமர வேண்டும். இப்பகுதியின் நெசவு வீடுகள் பலவற்றில் அந்த மற்றொருவர் பள்ளி வயதுப் பிள்ளையாகவே நெடுங்காலம் இருந்தார். அப்பிள்ளை பள்ளிக்குச் சென்றால் தறியின் வேகம் குறையும். அல்லது கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். ஆகவே கட்டணம் இல்லாத பள்ளியும் நெசவாளருக்கு இலவசப் பள்ளி அன்று.

1953இல் இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் புதிய கல்வித் திட்டத்தைப் புகுத்தியது. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். அதே கட்டடம், அதே ஆசிரியரைக் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அதன் கணக்கு. பணத் தட்டுப்பாடு மெய்யானதுதான். ஆனால் அச்சிக்கனத்தின் விலையைக் கொடுக்க வேண்டியவர் யார்? நெசவாளர் மகனைத் தறிக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடாக அது முடியும் என்பதை எதிர்ப்பாளர்கள் உடனே உணர்ந்தனர். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்ற அதனை, 1954 ஏப்ரலில் முதல்வரான காமராசர் அடுத்த மாதமே கைவிட்டார்.

திட்டத்தைக் கைவிடுவது எளிது. அதனால் நேரும் செலவை ஏற்பதே கடினம். அப்பணியில் காமராசருக்குத் துணை நின்றவர் கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு. 1912இல் பிறந்த அவருடைய சொந்த ஊர் இதே வட்டாரத்து நெய்யாடுபாக்கம். 1956இல் மதிய உணவுத் திட்டம் ஊராரின் கொடையால் தொடங்கியது; அடுத்த ஆண்டு முதல் அரசும் பங்கேற்றது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்கு 10 நயா பைசா எனக் கணக்கிட்டு, அதில் ஆறினை அரசும் நான்கினை ஊராரும் ஏற்றனர். 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. தொடர்ந்து பல ஊர்களில் நடந்த இத்தகைய மாநாடுகளில் மக்கள் நிலமும் நாற்காலியும் கரும்பலகையும் சீருடையும் வழங்கினர்.

தம் பிள்ளைகளின் பள்ளி தமக்குரியது என்று ஓர் ஊர் எண்ணத் தொடங்கியதே அதன் பெரும் பயன். எனினும் அந்த நான்கு பைசாவை நாம் சற்று உற்று நோக்க வேண்டும். வசதி படைத்தோர் உள்ள ஊருக்கு அது சிறு தொகை. முன்பணக் கடனில் தறி ஓட்டுவோர் நிறைந்த ஊருக்கு அவ்வாறு அன்று. உணவு எங்கே மிகுதியாகத் தேவையோ, அங்கேதான் கொடுப்பதற்குக் கை குறைவு. 1982இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி அரசின் செலவிலேயே நடத்தியபோது இந்த ஏற்றத்தாழ்வு அகன்றது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்ததும் அவ்வழியில் வந்ததே.

சட்டம் மட்டும் இதனைச் சாதித்திருக்குமா? 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தார் துணையோடு நடத்தும் பட்டறைகளுக்கு விலக்களித்தது. 2016இன் திருத்தமும் பள்ளி நேரம் தவிர்த்துக் குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் தறி இவ்விலக்கினுள் அடங்கிவிடும். சட்டம் தயங்கி நின்ற வாயிலின் உள்ளே சென்று பிள்ளையை அழைத்து வந்ததில் ஒரு வேளைச் சோற்றுக்குப் பெரும் பங்குண்டு.

அறுபதுக்கு நாற்பது என்னும் விகிதம் இன்று வேறொரு வடிவில் நம் முன் நிற்கிறது. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் நடுவண் அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. 2024-25ஆம் ஆண்டுக்குரிய 2,100 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராததை ஒட்டி வராமல் நின்றது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. வழக்கில் எப்பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்க, பங்குதாரர் இருவர் முரண்படும்போது சோற்றுப் பானையும் ஆசிரியர் ஊதியமும் காத்திருக்க முடியாது.

கொடையை நாம் குறைத்து மதிக்கவில்லை. பள்ளிக்கு மணி வாங்கித் தர ஊர் முன்வரலாம், வர வேண்டும். ஆனால் அந்த மணி ஒலித்ததும் தறியை விட்டு எழுந்து வரும் பிள்ளைக்குரிய செலவு, யாருடைய மனம் இரங்குவதையும் நம்பி இராமல், அரசின் வரவு செலவில் முதல் வரியாக நிற்க வேண்டும்.