மடிக்குழந்தை: அமெரிக்க வான்பயணத்தில் ஒரு விதிவிலக்கின் வரலாறு

அமெரிக்க விமானங்கள் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் பயணிகள் இருக்கைப்பட்டை அணிந்திருக்க வேண்டும், உணவு வண்டிகள் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று வற்புறுத்தும் சட்டம், இரண்டு வயது நிறையாத குழந்தையை மட்டும் பெரியவர் ஒருவரின் கைகளை நம்பி விட்டிருக்கிறது. 1953 முதல் நடைமுறையிலுள்ள இவ்விலக்கின்படி மடியில் ஏந்திச் செல்லப்படும் குழந்தை, அதாவது மடிக்குழந்தை, தனி இருக்கையும் பட்டையும் இன்றியே பயணம் செய்யலாம்.

கார்களில் பொருத்தும் குழந்தை இருக்கைகளுக்கு அந்நாட்டில் 1971இல் கூட்டாட்சித் தரவிதி வந்தது. 1980களின் நடுப்பகுதியில் விமானப் பயன்பாட்டுக்கான சோதனையும் அதனுடன் இணைக்கப்பட்டது. விமானம் காற்றுக் கொந்தளிப்பில் குலுங்கக்கூடும் என்பதால், பொம்மைக் குழந்தையைக் கட்டிவைத்த இருக்கையைத் தலைகீழாகத் திருப்பி, பொம்மை நழுவாமல் நிற்கிறதா என்று பார்ப்பதே அச்சோதனை. அதில் தேறியவை, வாகனத்துக்கும் விமானத்துக்கும் ஏற்றவை என்ற சிவப்பெழுத்துச் சான்றைத் தாங்கின. பாதுகாப்பான கருவி இவ்வாறு கைக்கு எட்டிய பின்னரும் அதைக் கட்டாயமாக்கும் விதி பிறக்கவில்லை.

அதன் விளைவு 1989 ஜூலை 19 அன்று அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் வெளிப்பட்டது. டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட் 232 விமானத்தின் வால்பகுதி இயந்திரம் வெடித்து, விமானத்தை இயக்கும் திரவ அழுத்தக் குழாய்கள் அனைத்தும் செயலிழந்து, அது அங்கே அவசரமாகத் தரையிறங்க முயன்றபோது, அதில் நான்கு மடிக்குழந்தைகள் இருந்தனர். அக்காலக் கையேட்டில் இருந்தபடியே தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், குழந்தைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு பெற்றோரிடம் கூறினார். பதினொரு மாதக் குழந்தை ஒன்று வீறிட்டு எழுந்து நிற்க முயன்றதால், அதைக் கிடத்தி வைக்கவே தாய் போராட வேண்டியிருந்தது. மற்றொரு குழந்தை மோதலில் மேலே தூக்கி எறியப்பட, தாய் எட்டிப் பிடித்துக்கொண்டார். ஓர் ஆண் குழந்தை புகையில் மூச்சுத் திணறி இறந்தது. கடும் மோதலில் பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை தன் எடையைப் போலப் பல மடங்கு விசையுடன் பிடுங்கிக்கொண்டு போகும் என்பதால், எந்தத் தாயின் பிடியும் இங்கே போதாது. இதில் தாய்மாரைக் குறைகூற எதுவுமில்லை. கையேட்டின்படி தாம் சொன்ன சொல்லின் பாரத்தைச் சுமந்த ஜான் பிரவுன், அதன்பின் பல்லாண்டுகள் இவ்விதியை மாற்றப் போராடினார்.

1994இல் சார்லட் நகர விமான விபத்திலும் மடியிலிருந்த ஒன்பது மாதக் குழந்தை உயிரிழந்தது. 1997இல் துணைக் குடியரசுத் தலைவர் அல் கோர் தலைமையிலான ஆணையம், எல்லாக் குழந்தைகளுக்கும் தனிப் பாதுகாப்பு இருக்கை வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஆயினும் 2005இல் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதை ஏற்க மறுத்தது: கூடுதல் பயணச்சீட்டின் விலைக்கு அஞ்சும் குடும்பங்கள் காரில் செல்லும், சாலையில் அதிகக் குழந்தைகள் மடிவர் என்பதே அதன் வாதம். விபத்துகளை ஆராயும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதற்கு உடன்படவில்லை. சாலையின் ஆபத்தைக் காட்டி விமானத்திலுள்ள ஆபத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் அவ்வாதம் குழந்தைக்கு நியாயம் செய்வதன்று.

விலக்கு இன்றும் நீடிக்கிறது. ஆதலால் பெற்றோர் இயன்றவரை தனிப் பயணச்சீட்டு வாங்கி, சிவப்பெழுத்துச் சான்றுள்ள இருக்கையை, அவசர வழி வரிசைகளைத் தவிர்த்துச் சன்னலோரத்தில் இறுகப் பொருத்தித் தம் குழந்தையை அதில் அமர்த்த வேண்டும்.