தீயும் கற்காரையும்

மரம் எரியும், ஓலை எரியும், கல் எரியாது என்பது மக்களிடையே நெடுங்காலமாக நிலவி வரும் எண்ணம். தோட்டத்துப் பலகை லயங்களிலிருந்து புக்கிட் செந்தோசா போன்ற குடியிருப்புகளின் கல் வீடுகளுக்குப் பெயர்ந்த நம்மவர்க்கும் இந்நம்பிக்கை உண்டு. எனினும், கான்கிரீட் எனப்படும் கற்காரை தீயில் என்னாகும் என்பதற்கு வரலாறு இரு விடைகள் தருகிறது.

சென்னை அண்ணாசாலையில் 1959இல் திறக்கப்பெற்ற ஆயுள் காப்பீட்டுக் கழக மாளிகை, 1975 சூலை 11ஆம் நாள் தீக்கிரையாயிற்று. ஆயினும் கட்டடம் நின்றது. செப்பனிடப்பெற்று இன்றும் பயன்படுகிறது. 2017 மே 31ஆம் நாள் தியாகராய நகரில் தீப்பற்றிய சென்னை சில்க்ஸ் கட்டடமோ, மறுநாள் விடியுமுன் ஒருபகுதி இடிந்து வீழ்ந்தது. எஞ்சியதையும் இடித்தகற்ற நேர்ந்தது.

கற்காரையினுள் நீர் உண்டு. வெப்பம் 100 பாகையைக் கடந்ததும் அது ஆவியாகும். வெளியேற வழியில்லையேல், அழுத்தம் மிகுந்து மேற்பரப்பு சிதறும். 573 பாகையில் படிகக்கல் தன் அமைப்பு மாறி விரியும். ஏறத்தாழ 600 பாகையில் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி தன் வலிமையிற் பாதியை இழக்கும். ஆகவே, கம்பியைப் போர்த்திய கற்காரையின் தடிப்பே கட்டடத்தின் கவசம் எனலாம்.

முன்னாளில் தூண்களை உலையிலிட்டுச் சுட்டே இவற்றை அறிந்தனர். 1974இல் அமெரிக்கப் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தார் இதற்கெனக் கணிப்பொறி நிரல் வகுத்தனர். 1978இல் பழான்ட், தொங்குத்தாய் என்னும் அறிஞர் இருவர், வெப்பமும் நீராவியும் ஒருங்கே நகர்வதைக் கணக்கிட வழி கண்டனர். தூணைச் சிறுசிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் வெப்பத்தையும் ஆவியழுத்தத்தையும் விரிவையும் நொடிதோறும் கணிப்பதே இம்முறையின் சாரம்.

1996இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைக்கும் கடலடிச் சுரங்கத்தில் தீ மூண்டபோது, கற்காரை வளையம் பலவிடங்களில் உதிர்ந்தது. அதன்பின் இவ்வாராய்ச்சி மேலும் விரைவுற்றது. கற்காரையில் பாலிபுரோப்பிலீன் இழைகளைக் கலந்தால், அவை ஏறத்தாழ 160 பாகையில் உருகி ஆவிக்கு வழிவிடும் என்பதும் இன்று நடைமுறையாகிவிட்டது.

கணிப்பொறியோ நாம் தரும் விவரங்களைக் கொண்டே விடை கூறும். வரைபடத்தில் காட்டிய போர்வைத் தடிப்பு கட்டடத்தில் இல்லையேல் கணக்கும் பொய்க்கும். தீ அணைந்த பின்னும் வெப்பம் உள்நோக்கிப் பரவும். வெந்த கற்காரை ஆறினாலும் பழைய வலிமையை முற்றும் பெறாது. ஆதலின் நின்ற சுவரைக் கண்டு நம்பி உள்ளே புகுதல் தகாது. பொறியாளர் ஆய்ந்த பின்னரே புகுதல் வேண்டும். கூரைப் பூச்சு பெயர்ந்து கம்பி தெரியும் வீட்டார் அதனை உடனே செப்பனிடுவதும் கடனாகும்.