கடைமடைக்கு எட்டும் நீர்

காவிரி நாட்டில், தலைமதகில் செய்யும் மாற்றம் நன்றா தீதா என்பதைக் கடைமடை வயலே சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் பெரும்பங்கு வெள்ளத்தைத் தன்வழியே இழுத்துக்கொள்ள, காவிரியின் படுகை மணலேறி மேடிட்டது. தஞ்சைத் தரணியின் கழனிகள் வாடலாயின. இக்குறை போக்க, ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரின் திட்டப்படி 1836ஆம் ஆண்டில் முக்கொம்பில் மேலணை கட்டப்பெற்றது. அதனால் கொள்ளிடத்தில் நீர் குறையுமாயின், அதனை நம்பிக் கீழே பயிரிடுவோர் கதி என்னாகும்? இக்கேள்விக்கு விடையாக அதே ஆண்டில் அணைக்கரையில் கீழணையும் எழும்பிற்று.

நேயர்களே, நாம் இன்று ஆராயப் புகுவது வேறொரு பாசனம். நம் காலத்தில் அறிவு பாயும் பெருங்கால்வாய் இணையம். அதன் தலைமதகு, உலாவி எனப்படும் செயலி. கண்ணுடையோர் உலாவியின் வழியே பக்கங்களைக் காண்கின்றனர். பார்வையற்றோரோ திரைவாசிப்பான் என்னும் மற்றொரு செயலியை அதனோடு சேர்த்து, எழுத்தைக் குரலாகக் கேட்கின்றனர். உலாவி புதுப்பிக்கப்படுந்தோறும் இக்கடைமடைக்கு நீர் எட்டியதா என்பதே நம் கேள்வி.

பார்வையற்றோர் வாசிப்பின் வரலாறு புள்ளி எழுத்தில் தொடங்குகின்றது. பிரெஞ்சு நாட்டு லூயி பிரெயில் 1824ஆம் ஆண்டில் ஆறு புள்ளிகளைக் கொண்டு ஒரு முறையை வகுத்தார். இந்திய மொழிகளுக்கு ஒன்றோடொன்று ஒவ்வாத பல முறைகள் வழங்கிய நிலையை மாற்றி, 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. தஞ்சையிலுள்ள அரசுப் பார்வையற்றோர் பள்ளி போன்ற கல்விச்சாலைகளில் மாணவர் விரல் நுனியால் பயில்வது இம்முறையையே. ஆயினும் அச்சேறும் நூல்களுள் புள்ளி எழுத்தைப் பெறுவன மிகச் சில.

அக்குறையைத் தீர்க்க வந்தது பேசும் கணினி. கார் விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டர் என்னும் அமெரிக்கர், 1989இல் ஜாஸ் என்னும் திரைவாசிப்பானை வெளிக்கொணர்ந்தார். அதன் விலை எளியோர்க்கு எட்டாததாயிருந்தது. 2006இல் ஆஸ்திரேலியாவில், தாமும் பார்வையற்றவரான மைக்கேல் கரன், என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை உருவாக்கத் தொடங்கி, அதனை இலவசமாகவே வழங்கினார். அதனோடு வரும் ஈஸ்பீக் என்னும் குரற்பொறி தமிழையும் ஒலிக்க வல்லது.

குரல் கிடைத்தும் தமிழ்ப் பக்கங்கள் எளிதில் பேசிவிடவில்லை. அந்நாளில் இதழ்கள் தத்தமக்குரிய எழுத்துருக்களைக் கையாண்டன. கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றியவை, கணினியின் உள்ளே அயல்மொழி எழுத்துகளின் எண்களாகவே இருந்தன. ஆகவே திரைவாசிப்பான் அவற்றைப் பொருளற்ற ஒலிகளாகவே படித்தது. ஒருங்குறி பரவி, 2010இல் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றபின் இத்தடை பெரிதும் நீங்கிற்று. புதுமை கடைமடைக்கும் நீர் கொணர்ந்த காலம் அது.

நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2017ஆம் ஆண்டு நவம்பரில் மோசில்லா நிறுவனம் ஃபயர்பாக்ஸ் உலாவியின் 57ஆம் பதிப்பை வெளியிட்டது. உலாவியின் இயக்கத்தையும் பக்கங்களின் உள்ளடக்கத்தையும் தனித்தனி அறைகளில் வைத்தாற்போன்ற அமைப்பு அதனுடையது. இத்தடுப்பு பாதுகாப்புக்கும் விரைவுக்கும் உதவியது. ஆனால் பழைய அமைப்பில் உள்ளே புகுந்து பக்கம் முழுவதையும் ஒருங்கே படித்தெடுத்த திரைவாசிப்பான், இப்போது ஒவ்வொரு செய்தியையும் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுப் பெறவேண்டியதாயிற்று. கண்ணுடையோர் விரைவைப் புகழ்ந்த அந்நாளில், திரைவாசிப்பானின் வேகம் தளர்ந்தது. ஜாஸ் பயன்படுத்துவோர் 52ஆம் பதிப்பின் நீட்டித்த ஆதரவுக் கிளையிலேயே சில காலம் தங்குமாறு மோசில்லாவினரே அறிவுறுத்தினர். 2012 முதல் வழங்கிவரும் அக்கிளை, விரைந்த மாற்றத்தைத் தாங்கவியலாத நிறுவனங்களுக்கென வெட்டப்பட்ட கால்வாய். பாதுகாப்புத் திருத்தங்கள் அதன்வழியும் வந்துகொண்டிருக்கும். அலுவலகங்களுக்காக வெட்டியது பார்வையற்றோரின் தாகத்தைத் தீர்த்தது.

அதன் பின்னர் மாற்றத்தின் வேகம் கூடியதேயன்றிக் குறையவில்லை. ஆறு வாரங்களுக்கொருமுறை வந்த பதிப்புகள் ஃபயர்பாக்ஸில் 2020 முதலும் குரோமில் 2021 முதலும் நான்கு வாரங்களுக்கொருமுறை வரலாயின. அவை பெரும்பாலும் பயனர் கேளாமலே வந்து அமர்கின்றன. கண்ணுடையோர் இடம் மாறிய பொத்தானை ஒரு பார்வையில் கண்டுகொள்வர். வரிசையையும் விசையையும் மனத்திற்கொண்டு இயங்குவோர்க்கோ பழகிய தெருவில் வீடுகள் இடம் மாறியது போலாகும்.

எனவே பட்டறிவுடையோர் சில நெறிகளைக் கடைப்பிடிக்கின்றனர். திரைவாசிப்பானை முதலில் புதுப்பித்து, உலாவியைப் பின்னர் புதுப்பிப்பது ஒன்று. மற்றோர் உலாவியையும் பழகிய நிலையில் வைத்திருப்பது இரண்டு. புதிய பதிப்பைப் பிறர் பயன்படுத்திக் கூறும் செய்தியைக் கேட்டறிவது மூன்று. தேர்வு விண்ணப்பத்திற்குரிய கடைசி நாளையொட்டி எதனையும் மாற்றாதிருப்பது நான்கு. சாகுபடி நடக்கையில் எவரும் வாய்க்காலைத் தூர்வாரப் புகுவதில்லை. மேட்டூர் அணை மூடியிருக்கும் கோடையன்றோ அதற்குரிய பருவம்! அதுபற்றித் தூர்வாராமலே விடுவதும் தகாது. பாதுகாப்புத் திருத்தமற்ற பழைய உலாவி, கரை உடைந்த வாய்க்காலேயாம்.

இந்நெறிகள் யாவும் பார்வையற்றோர் தம் உழைப்பால் தாமே தேடிக்கொண்டவை. அவ்வுழைப்பை அவர்மீதே சுமத்திவிடுதல் முறையாகுமா? அரசுப் பணிக்கு விண்ணப்பிப்பதும் வங்கியில் பணம் செலுத்துவதும் இன்று இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. மின்வழிச் சேவைகளைப் பெறுதல், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதியே என 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே உலாவியில் ஏற்படும் தடை, ஒருவருடைய பிழைப்பிலும் உரிமையிலும் ஏற்படும் தடையாகின்றது.

மேலணை எழுந்த ஆண்டிலேயே கீழணையும் எழுந்தது. மென்பொருள் அமைப்போர் அவ்வரலாற்றிலிருந்து கற்கவேண்டிய பாடம் இதுவே: புதிய மதகைத் திறக்குமுன் கடைமடை வரை நடந்து சென்று பார்த்தல் வேண்டும். அங்கே நீர் எட்டிய பின்னரே அந்த வேலை முடிந்ததெனக் கொள்ளலாம்.